அஞ்சாம் கட்டத்து வலை

ஆவணி 8, திங்கள்

மன்னிக்கணும், இன்னைக்கும் நேரம் ஆயிடுச்சு. பதினொண்ணு பத்து. சாயங்காலம் ஆறு மணிக்கே எழுதி முடிக்கணும்னு முதல் பக்கத்துல நானே எழுதி வெச்சது. யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்னு தெரியல. நோட்டு என்னுது. படிக்கிறதும் நான் மட்டும்தான்.

வெயில். மேகம் வெள்ளிமலைப் பக்கம் கட்டுது, கீழ இறங்க மாட்டேங்குது. கடைசியா மழை பேஞ்சது பதினெட்டு நாள் முன்னாடி. அதுவும் தூறல்.

மாடு (செவலை, கருப்பி) – கட்டம் 4. நாளையோட முடியுது.
செவலையோட கன்னு – கொட்டாயில.
ஆடு – கட்டம் 3. செம்மறி 9, வெள்ளாடு 4, குட்டி 6.
கோழி – கட்டம் 2. கூண்டு வண்டியில ஒரு சக்கரம் ஆடுது. இவர்கிட்ட சொல்லணும்.
பாப்பா – 99.4. மூக்கடைப்பு. பால் குடிக்கறப்ப மூச்சு வாங்கறா.

பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்புல நின்னு அத்தைகிட்ட கேட்டார், "இன்னாம்மா இது, கொல்லைய துண்டு துண்டா வலை கட்டி வெச்சிருக்கீங்க?" அத்தை சிரிச்சாங்க. "மருமவ விலங்கியல் படிச்சவ. மாட்டுக்கு டைம்டேபிள் போட்டிருக்கா." குரல்ல பெருமையா கேலியான்னு தெரியல. ஒரு வருஷமாவே தெரியல.

அவருக்கு விளக்கிச் சொன்னது எங்க ஆடு மேய்க்கிற சின்னப்பொண்ணு அக்காதான். "கல்யாணப் பந்தி மாதிரிதான் மாமா. மாப்ள வூட்டுக்காரங்க மொதல்ல, அது மாடு. அஞ்சு நாள் தின்னுட்டு எழுந்திருச்சி அடுத்த கட்டத்துக்குப் போவும். அது உட்ட கட்டப் புல்லுக்கும் முள்ளுக்கும் ஆடு, அது பொண்ணு வூட்டுக்காரங்க. கடைசியா எலை எடுக்கிறவங்க, கோழி. சாணியக் கிண்டி புழுவத் தின்னுட்டுப் போவும். அப்புறம் அந்தக் கட்டத்துக்கு நாங்க யாரும் போவ மாட்டோம், புல்லு தூங்கும்."

நான் நாலு பக்கம் எழுதினதை ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. எட்டுக் கட்டம், கட்டத்துக்கு அஞ்சு நாள், மாடு திரும்பி வர முப்பத்தஞ்சு நாள். முன்பக்கத்துல இந்த மாசத்துக்குத் தேதி எல்லாம் போட்டாச்சு.

பாப்பா இருமறா. போறேன்.


ஆவணி 10, புதன்

செவலை செத்துடுச்சு.

காலைல எட்டே முக்கால். கட்டம் 5க்கும் 6க்கும் நடுவுல. வாயில நுரை. கருப்பிக்கும் மூச்சு வாங்கிச்சு, மாட்டு டாக்டர் ஊசி போட்டார், எழுந்துடுச்சு.

டாக்டர் சொன்னது: சோளக் குருத்துல இருக்கிற விஷம். அறுத்த தூர்லேர்ந்து மறுபடி தழைக்கிற சோளம், மழை இல்லாம குட்டையா நிக்கும்போது விஷம் ஜாஸ்தி. மழை பேஞ்சு இடுப்பு உயரம் வந்துட்டா ஒண்ணும் பண்ணாது. "அரை மணி முன்ன கூப்பிட்டிருந்தா பாத்திருக்கலாம்."

எட்டாம் கட்டத்து மூலையில ஜேசிபி வெச்சுக் குழி. உப்பு ரெண்டு மூட்டை. அத்தை மஞ்சள் பூசி, பொட்டு வெச்சு, பழைய புடவை ஒண்ணு போத்தினாங்க. நான் புடவை முனையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பாப்பா 100.2. மருந்து 2.5 மி.லி., ரெண்டு வேளை.

அழுகை வரல.


ஆவணி 11, வியாழன்

புழுக்கம். காத்தே இல்ல.

நேத்து எழுதாததை இன்னைக்கு எழுதணும். வேற எங்கயும் சொல்லல.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிணத்தடியில துணி அலசிக்கிட்டிருந்தேன். சின்னப்பொண்ணு அக்கா வந்து சொன்னது (படிச்சவள்னு என்னை டீச்சருன்னுதான் கூப்பிடுவாங்க): "டீச்சரு, நாளைக்கி அஞ்சுக்கு உடாத. தீவனச் சோளம் மறுதழைச்சி மொழங்கால் கூட வரல, வாடிக்கினு நிக்குது. மாட்டுக்கு ஆவாது. ஆறுக்கு ஓட்டிக்கலாம். அஞ்சு மழை பேஞ்சப்புறம்." சரின்னேன். தலையாட்டினது ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுக்கல. பாப்பா மடியவிட்டு இறங்கல. அவங்க சொன்னதை எழுதல.

புதன் காலை. இவர் ஆறு மணிக்கே கிளம்பிட்டார், கிணத்து மோட்டார் தூக்கற வேலை. மோட்டார் காயில் கட்டுற கடை சங்கராபுரத்துல, ஆனா பாதி நாள் யார் கொல்லையிலயாவதுதான். அத்தை பால் கறந்து சொசைட்டிக்குப் போயிட்டாங்க. சின்னப்பொண்ணு அக்கா ரேஷன்ல கைரேகை வெச்சுட்டு எட்டு மணிக்குத்தான் வருவேன்னு முந்தின நாளே சொன்னது. கொட்டாயில மாடு ரெண்டும் கத்துது. பாப்பா தோள்ல, உடம்பு கொதிக்குது. நோட்டைப் பிரிச்சேன். 10, புதன், கட்டம் 5. என் கையெழுத்து.

எழுதி வெச்சதுதான் எனக்கு நடக்கும். எழுதாதது எனக்கு நடக்கவே இல்ல. அப்படித்தான் ஆயிடுச்சு இந்த எட்டு மாசமா. பாப்பா எத்தனை தடவை பால் குடிச்சான்னு கூட எழுதினாத்தான் தெரியும்.

ஒரு கையில பாப்பா. ஒரு கையால அஞ்சாம் கட்டத்து வலையை மூங்கில் குச்சியோட பிடுங்கி மடக்கினேன். மாடு ரெண்டும் உள்ள போச்சு. செவலை முன்னாடி, எப்பவும் போல. கருப்பி தட்டைப்பயறு இருக்கிற ஓரத்துக்குப் போச்சு. பச்சையா இருக்கே, முப்பத்தஞ்சு நாள் ஓய்வு விட்டதுக்குப் பலன்னு நினைச்சேன். அதை நினைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. சந்தோஷம் மாதிரி ஒண்ணு.

பாப்பா பால் கக்கிட்டா. வீட்டுக்கு ஓடினேன். துடைச்சு, ஈரத்துணி போட்டு, காய்ச்சல் பாத்து, மறுபடி பாத்து. அப்புறம் கொல்லைப் பக்கம் திரும்பிப் பாக்கவே இல்ல. அக்கா கத்தற சத்தம் கேட்டப்பதான்.

அத்தை வந்து, டாக்டரும் வந்து, எல்லாம் முடிஞ்சப்புறம் நடந்த பேச்சு. அப்படியே எழுதறேன்.

அத்தை: "வலைய யார்றி தொறந்தது?"
அக்கா: "நான் வரும்போதே தொறந்து கெடந்திச்சிம்மா. மாடு உள்ள நின்னுக்கினு இருந்திச்சி. நான்தான் ஓட்டிக்கினு வெளிய வந்தேன்."
"அப்ப மாடே குச்சியப் புடுங்கி மடக்கி வெச்சிட்டு உள்ள போச்சா?"
"எனக்குத் தெரியாதும்மா."
"காலங்காத்தால வந்து தொறந்து உட்டுட்டு ரேஷனுக்குப் போயிருப்ப நீ. வேல மிச்சம்னு."

நான் வாசப்படியில நின்னேன். பாப்பா தூங்கிட்டா தோள்ல. அக்கா ஒரு தடவை என்னைப் பாத்தாங்க. ஒரே தடவை. எனக்கு வாய்க்குள்ள நாக்கு இருக்கறதே தெரியல. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி.

அது நேத்து. இன்னைக்கு அத்தை அவங்களைப் போகச் சொல்லிட்டாங்க.

அக்காவுக்கு இங்க வாரம். நாங்க வாங்கி விட்ட செம்மறியில மூணை அவங்க பொறுப்புல மேய்ச்சா, பொறக்கிற குட்டியில பாதி அவங்களுக்கு. ரெண்டு வருஷத்துல மூணு குட்டி சேர்ந்திருக்கு. நெத்தியில வெள்ளை உள்ள ரெண்டு பொட்டை, ஒரு கிடா. "மாட்டுக்கு ஈடா குட்டி மூணும் இங்கியே நிக்கட்டும்"னாங்க அத்தை.

அக்கா மூட்டையைக் கட்டிக்கிட்டே சொன்னது: "குட்டி உன்னுதே ஆவட்டும்மா. நான் தொறந்தேன்னு மட்டும் வெளிய சொல்லாத. நாளைக்கி ஒருத்தரும் மேய்க்க ஆடு தர மாட்டாங்க."

புருஷன் கேரளாவுல தோட்ட வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அண்ணன் வீடு மலைமேல, வெள்ளிமலை தாண்டி. பன்னெண்டரை பஸ்ஸுக்கு ரோட்டுக்குப் போனாங்க. என்னைத் தாண்டித்தான் போகணும். "பாப்பாவுக்கு மூக்குல தாய்ப்பால் ஒரு சொட்டு உடு டீச்சரு, அடைப்பு எளகும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

விடல. சொட்டு மருந்துதான் விட்டேன். பாப்பாவோட டாக்டர் எழுதினது.


ஆவணி 12, வெள்ளி

மேகம். மழை இல்ல.

மாடு (கருப்பி மட்டும்) – கட்டம் 6. இன்னைக்குத்தான் கொட்டாயிலேர்ந்து விட்டேன்.
ஆடு – கட்டம் 4. நானே ஓட்டினேன். ஒண்ணேகால் மணி நேரம். அக்கா குரல் கொடுத்தா பத்து நிமிஷம். நான் கூப்பிட்டா தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி குனியுது.
கோழி – கட்டம் 3. வண்டிச் சக்கரம் கழண்டு விழுந்துச்சு. மூணு கோழி குறையுது.
பாப்பா – 98.6. நாலு தடவை பாத்தேன்.

கன்னு ராவும் பகலும் கத்துது. வெள்ளாட்டுப் பாலைக் கறந்து புட்டியில கொடுக்கறேன். முட்டி முட்டிக் குடிக்குது. பாப்பாவோட பழைய புட்டிதான், ரப்பர் ஓட்டையை ஊசியைக் காய்ச்சிப் பெரிசாக்கினது.

அத்தைக்கு முட்டிவலி. பால் சொசைட்டிக்கு நான் போனேன். வழக்கமா ஏழரை லிட்டர், இன்னைக்கு ஊத்த ஒண்ணரை லிட்டர்தான். கருப்பி சினை, கறவை வத்தற நேரம். வரிசையில முன்னாடி ரெண்டு பேர்.

"அந்த மலைக்காரி இன்னாவோ பண்ணிட்டாளாமே?"
"மாட்டக் கொன்னுட்டா. சோளத்துல உட்டுட்டு ரேஷனுக்குப் போயிட்டாளாம்."
"எங்க ஓர்ப்படி அவளத்தான் ஆடு மேய்க்கக் கூப்பிடறதா இருந்தா. வேணாம்னு சொல்லிடறேன்."
"சொல்லிடு."

பின்னாடி நின்னுக்கிட்டே பால் கேனோட மூடியைத் திருகிக்கிட்டிருந்தேன். இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து.

அத்தை வெளியே சொல்லியிருக்காங்க. சொல்லத்தான் செய்வாங்க. மாடு செத்த வீட்டுல கேக்க வர்றவங்ககிட்ட வேற என்ன சொல்றது.


ஆவணி 13, சனி

ஆடு 13. குட்டி 6.
கருப்பி நல்லா மேயுது.
பாப்பா 98.4.
துணி ஊற வெச்சேன், அலசல.
ஒண்ணுமில்ல.


ஆவணி 14, ஞாயிறு

இவர் வீட்டுல. சக்கரத்துக்குப் பழைய பேரிங் ஒண்ணு வெச்சு மாட்டினார். பக்கத்துல உக்காந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். சொல்லிடலாம்னு மூணு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை "டீ வேணுமா"ன்னு கேட்டேன். ரெண்டாவது தடவை "பன்னெண்டா பதினாலா"ன்னு, ஸ்பானர் நம்பர். மூணாவது தடவை அவரே பேசிட்டார்.

"இன்னா ஒரு மாதிரியா இருக்க? மாட்ட நெனச்சிக்கினா?"
"இல்ல."
"உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ கைக்கொழந்தைய வெச்சிக்கினு எவ்ளோதான் பாப்ப. இந்தக் கட்டமெல்லாம் வேணாம்னு தோணுச்சினா சொல்லு. வித்துட்டு மக்காச்சோளம் போட்டுடலாம். ஊரே அதான் போடுது."

அன்பாத்தான் சொன்னார். அதனாலயே சொல்ல முடியல. பேரிங்குக்குக் கிரீஸ் வெச்சுக் கொடுத்தேன்.

அஞ்சாம் கட்டத்து வலை இன்னும் மடக்கினபடியே கிடக்கு. யாரும் தொடல. ஆறாம் கட்டத்துல இருக்கிற கருப்பி அந்தப் பக்கம் போயிடுமோன்னு நாள் முழுக்க எழுந்து எழுந்து போய்ப் பாக்கறேன். வலையை இழுத்து மறுபடி நட்டா தீர்ந்துது. கை போகல. கடைசியா இவர்கிட்ட சொல்லி நடச் சொன்னேன்.


ஆவணி 16, செவ்வாய்

காலைல பனி மாதிரி மூட்டம். ஒன்பது மணிக்கு மேல வெயில்.

நாளைக்குச் சந்தை. விடிஞ்சதும் வண்டி வரும்னு அத்தை கொட்டாயில குட்டி மூணையும் பிரிச்சுக் கட்டிக்கிட்டிருந்தாங்க. கழுத்துல கயிறு போட்டு, மறுமுனையைக் கட்டுத்தறியில. வெள்ளை நெத்திக்குட்டி ரெண்டும் சும்மா நின்னுச்சு. கிடாதான் துள்ளுச்சு.

பாப்பா என் இடுப்புல. அவ கயிறைப் பாத்துக் கையை நீட்டினா.

"அத்தை, வலைய நான்தான் தொறந்தேன்."

அவங்க நிமிரல. முடிச்சு போட்டுக்கிட்டே, "எந்த வலைய?"

"அஞ்சு. அன்னைக்குக் காலைல. மாட்டை உள்ள விட்டது நான்தான். அக்கா வேணாம்னு முந்தின நாளே சொன்னாங்க. நான் மறந்துட்டேன்."

அப்பவும் நிமிரல. கிடாவோட கழுத்துல ரெண்டாவது முடிச்சும் போட்டு முடிச்சாங்க. அப்புறம் தண்ணித் தொட்டி விளிம்புல உக்காந்தாங்க.

"கொழந்தைக்கி ஜொரமா இருந்திச்சே அன்னிக்கி."
"ஆமா."
"நீ உள்ளதான் இருந்தியேன்னு நெனச்சேன்."
"முன்னாடி போய் விட்டுட்டு வந்தேன்."

அத்தை முந்தானையால கையைத் துடைச்சாங்க.

"ஊரெல்லாம் சொல்லிட்டனேடி. இனிமே அவ மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்." திட்டுவாங்கன்னு இருந்தேன். திட்டல. அது இன்னும் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன், அப்படியும் இல்ல. எதுவும் இல்ல.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரி உடு. நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காத. பச்சக் கொழந்தக்காரிய ஊரு நாலு விதமா பேசும். குட்டிய வேணா அவளுக்குச் சொல்லி அனுப்பிடலாம். மேய்க்க வேற ஆளு பாத்துக்கலாம்."

"குட்டி வேணாம்னுதான அத்தை சொன்னாங்க. பேரைத்தான கேட்டாங்க."

நான் பாப்பாவை அவங்க மடியில வெச்சுட்டுக் கயிறை அவுத்தேன். முடிச்சு இறுகியிருந்துச்சு. பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அத்தை பாத்துக்கிட்டே இருந்தாங்க. தடுக்கல.

சாயங்காலம் இவர்கிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."
"வாய் வரல."
"என்கிட்டயுமா?"

ரசம் ஊத்தினேன். இவர் கை கழுவிட்டு வந்து, "மலைக்குப் போற பஸ்ஸுல கண்டக்டர் தெரிஞ்சவன்தான், அவன்ட்ட சொல்லி உடட்டா?"ன்னார். வாயால போனா நடுவுல மாறிடும், நான் எழுதியே தரேன்னேன். அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சவங்க.

பாப்பா காய்ச்சல் பாக்கல இன்னைக்கு. இப்பதான் ஞாபகம் வருது.


ஆவணி 17, புதன்

சாயங்காலம் நாலு சொட்டு. மண் நனையல.

மாடு – கட்டம் 7. இன்னைக்கு மாத்தினேன்.
ஆடு – கட்டம் 5க்குப் போற முறை. விடல. 6க்கு.
கோழி – கட்டம் 4.

காலைல சொசைட்டிக்கு நானே போனேன். முட்டிவலி கம்மி, தானே போறேன்னாங்க அத்தை. நான் கேனை எடுத்துக்கிட்டு நடந்துட்டேன். அன்னைக்குப் பேசின ரெண்டு பேரும் இருந்தாங்க. இன்னும் மூணு பேர். பால் அளக்கறவரையும் சேத்தா ஆறு.

என்ன வார்த்தையில சொன்னேன்னு சரியா ஞாபகம் இல்ல. "மாட்டைச் சோளத்துல விட்டது நான்தான், சின்னப்பொண்ணு இல்ல, அவங்க வெளிய ஓட்டினவங்க." இப்படித்தான் இருக்கும். ரெண்டு தடவை சொன்னேன், முதல் தடவை யாருக்கும் கேக்கல, மெஷின் சத்தம்.

ஒருத்தங்க, "பாவம், பெத்த ஒடம்பு, புத்தி எங்கியோ இருந்திருக்கும்"னாங்க. இன்னொருத்தங்க, "காலேஜி படிச்சி இன்னா ஆவறது"ன்னு கேனைப் பாத்துச் சொன்னாங்க. ஓர்ப்படிகிட்ட வேணாம்னு சொன்னவங்க, வெளிய வர்றப்ப பின்னாடியே வந்து, "அவ திரும்பி வருவாளா? ஆடு மேய்க்க ஆளு இன்னும் கெடைக்கல"ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்.

வீட்டுக்கு வர்ற வழியில கால் நடந்துக்கிட்டே இருந்துச்சு. லேசா இருக்கும்னு சொல்லுவாங்க. அப்படி எதுவும் இல்ல. பசி இருந்துச்சு. ரெண்டு நாளைக்கு அப்புறம்.

சாயங்காலம் அத்தை, "அவள ஒரு தடவ பாக்கணும்டி"ன்னாங்க. அக்காவுக்கு எழுதறதை நாளைக்கு முதல் பஸ்ஸுல கொடுத்து அனுப்பணும். இங்கயே எழுதிப் பாத்துட்டு வேற தாள்ல பெரிய எழுத்துல எழுதணும். மூணு தடவை ஆரம்பிச்சு அடிச்சாச்சு. கடைசியா:

சின்னப்பொண்ணு அக்காவுக்கு, வனிதா எழுதறது.

வலையைத் தொறந்தது நான். நீங்க வேணாம்னு சொன்னதை மறந்துட்டுத் தொறந்தேன். அன்னைக்கு அத்தை உங்களைக் கேட்டப்ப நான் வாசப்படியில நின்னு பேசாம இருந்தேன். நீங்க பாத்தீங்க. உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்.

வீட்டுல சொல்லிட்டேன். சொசைட்டியில ஆறு பேர் முன்னாடி சொல்லிட்டேன். ரேஷன் கடையில நாளைக்குச் சொல்றேன். இன்னும் யார்கிட்ட சொல்லணும்னு நீங்க சொல்லுங்க, சொல்றேன்.

மூணு குட்டியும் இங்க இருக்கு, சந்தைக்குப் போகல. அது உங்களுது. இங்க வேலைக்கு வந்தாலும் வராட்டியும் உங்களுது. மலைக்கே கொண்டு வரச் சொன்னா இவர் கொண்டு வருவார்.

அத்தை உங்களைப் பாக்கணும்னாங்க. வான்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. எனக்கும் வான்னு கூப்பிட உரிமை இல்ல. மன்னிப்பு கேட்டு எழுதினதை அடிச்சுட்டேன், தாள்ல எழுதிக் கேட்டா போதாது.

அஞ்சுல மழை பேஞ்சு சோளம் எவ்வளவு உயரம் வந்தா விடலாம்னு டாக்டர் சொன்னார், ஆனா நீங்க சொன்னாத்தான் விடுவேன். அதுவரைக்கும் மூடி வெச்சிருக்கேன். குட்டிகளை என்ன பண்றதுன்னும் தெரியணும்.

வர்றதுனாலும் சரி, வர மாட்டேன்னாலும் சரி, கண்டக்டர்கிட்ட ஒரு வரி எழுதிக் கொடுங்கக்கா. சீக்கிரம் பதில் போடுங்க.